சூறையை மலைக்கு அனுப்பும் ஓலை

மழை முறை பிறழாது பெய்க. மடை நிறைந்து வயல் விளைக. மலையில் மேயும் நிரை மாலையில் ஒன்றும் குறையாது பட்டி திரும்புக.

ஏழேரி நாடுடையாள், ஆழ்கரைக் கோட்டையில் அரியணை அமர்ந்தாள், கரை காத்த குலத்துச் செழுங்கோதை, கார்முகட்டு மலைநாட்டின் தலைவரும், எண்ணற்ற நிரைக்கு உரியவரும், முகில் தங்கும் குன்றங்களின் காவலரும், எமக்கு உடன்பிறவாத் தமையனாருமாகிய வேள் மாக்கடம்பனார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் குடியும் கொடியும் வாழ்க. தங்கள் தேவியார் மூட்டுவலி நீங்கி மீண்டும் குன்றேறத் தொடங்கினார் என்று கேட்டு மகிழ்ந்தோம். எம் நாட்டில் மழை மிகுதி, விளைவு குறைவு. அது ஏன் என்பதும் இவ்வோலையிலேயே வரும்.

இதனை எம் ஓலைநாயகம் எழுதவில்லை. அவரிடம் சொல்லத் தொடங்கினோம். சொல்லும்போது குரல் தடுமாறியது. அவர் மரியாதையாகத் தலைகுனிந்து காத்திருந்தது எமக்குப் பொறுக்கவில்லை. ஆகவே அவரை அனுப்பிவிட்டு எழுத்தாணியை யாமே எடுத்தோம். எழுத்து கோணலாக இருப்பின் பொறுத்தருள்க.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இவ்வோலையுடன் வருவது தாங்கள் எமக்குப் பரிசாக அளித்த நாய். தங்கள் மலையில் பரிசைத் திருப்பி அனுப்புவது நட்பை முறிப்பதாகும் என்பதையும், அப்படித் திரும்பிய பரிசு எல்லைக்கல்லைத் தாண்டியவுடன் போர்முரசு அறையப்படும் என்பதையும் யாம் அறிவோம். அறிந்தே அனுப்புகிறோம். தங்கள் வீரர் நாயைக் கண்டதும் முரசுக்கோலை எடுக்காதபடி தடுத்து, இவ்வோலை முழுவதையும் கேட்ட பின்னர் தாங்கள் முடிவு செய்ய வேண்டும் என்று இரந்து கேட்கிறோம். அரசி இரக்கலாமா என்று எம் அவையில் ஒருவர் கேட்டார். இதற்கு இரக்கலாம் என்றோம்.

எம் மன்றத்து வழக்கத்தைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் அவையில் இதைக் கேட்டிருப்போர் அறியாதிருக்கலாம். எம் அரியணையின் வலப்பக்கம் ஒரு நாய் அமர்ந்திருக்கும். அதற்குச் சான்று நாய் என்று பெயர். குறை சொல்ல வருவோர் அதன் எதிரே நின்று பேச வேண்டும். பேசி முடியும்வரை நாய் அசையாதிருந்தால் அவர் சொல் மெய் என்று கொண்டு கேட்போம். நாய் எழுந்துவிட்டால் சொல்லில் பழுதுண்டு என்று மணியடித்து அனுப்பிவிடுவோம். எம் குலத்தில் முன்னொரு காலம் அரசராயிருந்தவரின் நாய், முறையிட வந்தவனின் ஆடைக்குள் இருந்த கத்தியைக் கண்டுகொண்டு பாய்ந்ததாம். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு எல்லா நாளுக்கும் விதி செய்துவிட்டார்கள்.

இத்தனை காலமும் இவ்வழக்கம் பெருந்தீங்கு செய்யாதிருந்ததற்குக் காரணம், சான்று நாய்கள் எல்லாம் எம் கோட்டையிலேயே பிறந்து, நெய்ச்சோறு தின்று, நடப்பதற்கே சோம்பிய நாய்களாக இருந்தமைதான். கடைசியாக இருந்தது கிழடாகிக் காதும் கேளாது போயிற்று. அது அமர்ந்திருந்த காலத்தில் எம் நாட்டில் பொய்யரே இல்லை. அது இறந்த பின்புதான் எமக்குச் சோதனை வந்தது.

சென்ற ஆண்டு எல்லை மீறோம் என்னும் சூளுறவைப் புதுப்பிக்க யாம் தங்கள் மலைக்கு வந்தபோது, நாய் இறந்த செய்தி கேட்டுத் தாங்கள் ஒரு குட்டியைத் துணியில் பொதிந்து எம் மடியில் வைத்தீர்கள். சாம்பல் நிறம்; நெஞ்சில் மட்டும் வெள்ளை; ஒரு காது நிமிர்ந்தும் மற்றொன்று மடிந்தும் இருந்தது. நிரை காக்கும் இனத்தில் இதைவிட விரைவான குருதி இல்லை என்றும், இதன் தாய் ஓநாயின் வாயிலிருந்து கன்றை மீட்டது என்றும், சூறைக்காற்று அடித்த நாளில் பிறந்ததால் இதற்குச் சூறை என்று பெயர் என்றும் தாங்கள் பெருமையோடு கூறினீர்கள். இத்தனையும் கேட்ட பின்னும், இதை அசையாமல் அமர்ந்திருக்கும் வேலைக்கா கொண்டுபோகிறோம் என்று எம்மில் ஒருவருக்கும் உறுத்தவில்லை. குட்டி எம் விரலைக் கடித்துக்கொண்டிருந்தது. யாம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஆழ்கரை வந்ததும் அறமன்ற முதல்வர் காரிப்பேரரையர் சூறை என்னும் பெயர் மன்றத்துக்கு ஒவ்வாது என்றார். அவர் நேர்மையானவர், எம் தந்தையார் காலம் முதல் ஒரு காசும் கை நீட்டி வாங்காதவர், ஆனால் எழுதி வைத்த விதி எதுவானாலும் அதைத் தெய்வமாகக் கும்பிடுவார். அவரே அசையாதவன் என்று பொருள்பட அசலன் என்று பெயர் சூட்டினார். புலவர் ஒருவர் அசலனின் அமைதியை வாழ்த்திப் பாடினார். அவர் பாடி முடிப்பதற்குள் அசலன் அவருடைய மேலாடையின் ஓரத்தைத் தின்று முடித்திருந்தது.

வளர வளர அதன் துள்ளல் தாங்க முடியாததாயிற்று. மன்றம் கூடினால் அவையோரைச் சுற்றிச் சுற்றி ஓடும். எவரேனும் தனித்து நின்றால் அதற்குப் பொறுக்காது. குதிகாலை வலிக்காமல் கவ்வி அடுத்தவரோடு கொண்டு சேர்க்கும். ஒருநாள் வரி தண்டுவோர் அனைவரையும் ஒரு தூணின் பின்னால் நெருக்கி அடைத்து, எதிரே படுத்துக் கண் இமைக்காது காவல் இருந்தது. அவர்களை அப்படி ஒருசேரக் கண்ட குடிமக்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள், யாமும் சிரித்தோம். நிரை காக்கும் நாய் தன் தொழிலை எம் கண்ணெதிரிலேயே செய்து காட்டிக்கொண்டிருந்தது. எமக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது.

அதை அமைதிப்படுத்த யாம் செய்தவற்றை எல்லாம் எழுதினால் ஒரு பனந்தோப்பின் ஓலை வேண்டும். யாழ் கேட்டால் அடங்கும் என்றார்கள். யாழோடு சேர்ந்து ஊளையிட்டது. பாணர் மனம் நொந்து போனார். தலையில் சந்தனம் அப்பினால் குளிரும் என்றார்கள். அப்பிய சந்தனத்தை அரியணையின் மெத்தையில் தேய்த்தது. மருத்துவர் மயக்கும் பச்சிலை ஒன்றைச் சொன்னார். அதற்கு மட்டும் யாம் இசையவில்லை. பேரரையர் சொற்படி மன்றம் கூடும்வரை இருட்டறையில் அடைத்துப் பார்த்தோம். அடைபட்ட நேரத்தின் துள்ளலையும் சேர்த்துக்கொண்டு வெளியே வந்தது. ஓடினால் களைத்து உறங்கும் என்று குதிரைப் படைத்தலைவர் சொல்ல, விடியலில் குதிரையின் பின்னே மதிலைச் சுற்றி ஓடவிட்டோம். தொடக்கத்தில் உறங்கியது. போகப்போகக் குதிரை இளைத்தது, நாய் வலுத்தது. முன்பு படியேறி வந்த நாய் இப்போது படிகளைத் தாவியே வந்தது.

தமையனாரே, இவற்றினும் பெரிய பிழை எம் கையிலேயே இருந்தது. அது எம்மேல் தாவும்போதெல்லாம், வேண்டாம் என்று வாயால் சொல்லிக்கொண்டே தலையைத் தடவினோம். தோள்மேல் காலை வைத்து முகத்தை நக்கினால், மணிமுடி சரிந்ததையும் பாராமல் அணைத்துக்கொண்டோம். எப்போதேனும் அது அடங்கி ஓரமாக அமர்ந்தால், அப்பாடா என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அமர்ந்திருந்தபோது அதை எவரும் தடவவில்லை. துள்ளினால் அன்பு கிடைக்கும், அடங்கினால் தனிமை கிடைக்கும் என்று யாமே கற்பித்துவிட்டு, கற்றுக்கொண்டதற்காக அதைக் கடிந்தோம். இதை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு சுடுகிறது.

இது நிற்க. இனி வருவது எழுதக் கடினமானது.

வடகரைப் பேரேரியின் கீழ்மடையைக் காப்பவர் சாத்தி என்னும் பெண்மணி. மடை திறப்பதும் அடைப்பதும் கரையைப் பார்த்துக்கொள்வதும் அவர் குடும்பத்தின் பணி. ஆடி மாதத்தில் அவர் மன்றத்துக்கு வந்தார். கரையின் அடியில் நீர் கசிகிறது என்றும், கசிவு தெளிவாக வந்தால் அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் கலங்கி வருகிறது என்றும், கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள்ளே கரைகிறது என்று பொருள் என்றும், ஐப்பசி மழைக்கு முன் கல்லும் ஆளும் தர வேண்டும் என்றும் சொல்லத்தான் வந்தார். பாதியும் சொல்லவில்லை. அதற்குள் நாய் எம் காலடியிலிருந்து கிளம்பி அவர்மேல் பாய்ந்து, அவர் போர்த்தியிருந்த கறுப்புக் கம்பளியில் முகத்தைப் புதைத்தது. பேரரையர் மணியடித்தார். சொல்லில் பழுதுண்டு, வேறொரு நாள் வருக என்று சாத்தி அனுப்பப்பட்டார்.

அவர் மீண்டும் வந்தார். நாய் மீண்டும் பாய்ந்தது. மணி மீண்டும் அடித்தது. மூன்றாம் முறை, நாய் எழுவதற்குள் எப்படியேனும் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று மூச்சு விடாமல் பேசினார். கரை, கசிவு, கல், மழை என்று சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அப்போதும் நாய் பாய்ந்தது, மணி அடித்தது. அவையில் சிலர் நகைத்தனர். யாம் நகைக்கவில்லை, அவர் குரலில் பொய்யின் நடுக்கம் இல்லை என்பதைக் கண்டோம், நாவின் நுனிவரை ஒரு கேள்வி வந்தது. கண்டும் வழக்கத்தை எண்ணி அதை விழுங்கினோம். அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எம்மை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையில் சினம் இருந்திருந்தால் இன்று எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐப்பசி மழை தங்கள் மலையில் தொடங்கித்தான் எம் ஏரிக்கு வரும். அது எப்படிப் பெய்தது என்பதைத் தங்களுக்கு எழுத வேண்டியதில்லை. சாத்தி சொல்ல வந்த அதே இடத்தில் கரை உடைந்தது. உயிர் போகவில்லை. ஆனால் கீழ்மடை ஊரின் நெற்பயிர் முழுவதும் சேற்றில் புதைந்தது. குதிரில் இருந்த விதைநெல் நனைந்து முளைவிட்டது. உடைப்பில் கல்லைப் புரட்டிப் போட முயன்ற சாத்தியின் கணவர் ஆதனின் வலக்கை கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கி நசுங்கியது. அந்தக் கை இனி மண்வெட்டி பிடிக்காது என்று மருத்துவர் சொன்னார்.

செய்தி கேட்டதும் யாம் குதிரையேறி வடகரைக்குச் சென்றோம். நாயை எவரும் அழைக்கவில்லை. அதுவே பின்னால் ஓடி வந்துவிட்டது. அங்கே ஊரின் மாடுகள் வெள்ளத்தில் கலைந்து, திட்டுக்கு ஒன்றாக நின்று கதறிக்கொண்டிருந்தன. கூப்பிட்டால் வரவில்லை, ஆள் அருகே போனால் மிரண்டு ஆழத்தில் இறங்கின. அப்போது சூறை போயிற்று. எவரும் ஏவவில்லை. சேற்றில் தாழ்ந்து, நீரில் நீந்தி, சுற்றி வளைத்து, குதிகாலை வலிக்காமல் கவ்வி, ஒவ்வொன்றாக மேட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தது. வரி தண்டுவோரைத் தூணின் பின்னால் அடைத்ததே, அதே வளையம், அதே கவ்வல். அன்று எம் மன்றத்தில் அதைக் கண்டு சிரித்த யாம் அங்கே மேட்டின்மேல் நின்று அழுதோம். பொழுது சாயும்வரை அது ஓயவில்லை. கடைசிக் கன்றும் மேடேறிய பின் திரும்பி எம்மைப் பார்த்தது. அதன் முகத்தில் அப்படி ஒரு நிறைவை யாம் முன்பு கண்டதில்லை.

சாத்தி தம் வீடு இருந்த இடத்துக்கு அருகே தரையில் அமர்ந்திருந்தார். நாய் தள்ளாடி நடந்து அவரிடம்தான் சென்றது. அவர் அஞ்சவில்லை, தோளிலிருந்த கம்பளியை எடுத்துத் தரையில் விரித்தார். நாய் அதன்மேல் ஒருமுறை சுற்றிப் படுத்து, மூக்கைக் கம்பளியின் மடிப்பில் செருகி, உறங்கிவிட்டது. யாம் அவர் எதிரே சேற்றில் அமர்ந்தோம். அப்போது அவர் சொன்னதை அவர் வாய்ச்சொல்லாகவே எழுதுகிறோம்.

"அம்மா, இது ஒருநாளும் எம்மேல கோவிச்சுக்கிட்டு வரல. இந்தக் கம்பளி மலையில வாங்குனது, இன்னும் ஆட்டு வாசம் போகல. அதத் தேடித்தான் வந்துச்சு. நான் சொன்னது நெசமா பொய்யான்னு அது எங்க கேட்டுச்சும்மா?"

அவர் மன்றத்தில் சொல்ல வந்ததை இப்போது சொல்ல வேண்டும் என்று வேண்டினோம். உடைந்து போன கரையைப் பற்றி இனிச் சொல்லி என்ன பயன் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கசிவு எங்கே தொடங்கியது, நீர் எப்போது கலங்கியது, எத்தகைய கல் வேண்டும், எந்தப் பக்கம் அணைக்க வேண்டும் என்று முதலிலிருந்து நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கரை உடையும் என்று, உடைந்த கரையின்மேல் அமர்ந்து சொன்னார். யாம் முழுவதையும் கேட்டோம். சான்று நாய் அசையவில்லை.

ஆழ்கரை திரும்பியதும் பேரரையர் அவை கூட்டினார். மெய் சொன்னவரைப் பொய்யர் என்று மும்முறை காட்டிய நாய் பொய்ச்சான்று உரைத்ததாகும் என்றும், பொய்ச்சான்றுக்கு எம் நாட்டுத் தண்டம் வெளிமுற்றத்துக் கல்தூணில் வாழ்நாள் முழுதும் சங்கிலியில் பிணித்தல் என்றும் அவர் எடுத்துரைத்தார். நாய்க்குத் தண்டமா என்று எவரும் நகைக்கவில்லை. ஏனெனில் அவர் அடுத்துச் சொன்னது நகைக்கத் தக்கதன்று. நாய் பொய்த்தது என்று கொண்டால் விதி நிலைக்கும். நாய் பொய்க்கவில்லை என்று கொண்டால் விதியே பொய்யாகும். விதி பொய்யானால் எம் முன்னோர் காலம் தொட்டு மணியடித்து அனுப்பிய அத்தனை பேருக்கும் இந்த அரியணை விடை சொல்ல வேண்டிவரும் என்றார். ஒரு நாயா, ஒரு குலத்தின் பெயரா என்று கேட்டு நிறுத்தினார். கேட்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கும் அது விருப்பமில்லை.

சூறை அப்போது எம் காலடியில் வாலை ஆட்டிக்கொண்டு, எழுவதா வேண்டாமா என்று எம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சங்கிலி எவ்வளவு நீளம் என்று கேட்டோம். தூணைச் சுற்றி வரும் அளவு என்றார்கள். மலையின் சரிவெல்லாம் ஓடப் பிறந்ததற்குத் தூணைச் சுற்றி வரும் அளவு.

விதியே பொய் என்று தீர்ப்பளித்தோம். இனி ஏழேரி நாட்டில் சான்று நாய் இல்லை. அரியணையின் வலப்பக்கம் அதற்கென இருந்த மெத்தையை எடுத்துவிட்டு, முறையிட வருவோர் அமர்ந்து பேச ஓர் இருக்கை போடச் செய்தோம். முன்பு மணியடித்து அனுப்பப்பட்டவர் எவராயினும் மீண்டும் வரலாம் என்று ஊர்தோறும் பறையறைந்தோம். வாயிலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் இந்தப் பிறவி போதாது என்று தோன்றுகிறது. முதலில் வந்து அமர்ந்தவர் சாத்தி. வடகரையைக் கட்டும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்து, ஆதனுக்கும் அவ்வூருக்கும் அடுத்த விளைவுவரை கோட்டைக் களஞ்சியத்திலிருந்து நெல் அளக்கச் சொன்னோம். இவை எதுவும் அந்தக் கையைத் திருப்பித் தராது என்பதை யாம் அறிவோம். சாத்தியும் அறிவார்.

தண்டம் நீங்கிய பின் நாயை வெறும் வளர்ப்பு நாயாக அருகில் வைத்துக்கொள்ளலாகாதா என்று தாங்கள் கேட்பீர்கள். யாமும் எம்மையே கேட்டு, வைத்துக்கொள்ளலாம் என்றே பல நாள் விடை சொல்லிக்கொண்டோம். கற்றுக்கொண்டதையும் செய்து பார்த்தோம். தாவினால் முகம் திருப்பி நின்றோம். அமர்ந்தால் அருகே சென்று தடவினோம். தமையனாரே, சில நாளிலேயே அது அமரக் கற்றுக்கொண்டது. தடவும் கை வரும் என்று அமர்ந்தே காத்திருந்தது. முன்பே எவரேனும் செய்திருக்கலாம். அவ்வளவு எளிதாக இருந்தது.

ஆனால் அமரக் கற்ற நாய் அமர்ந்த இடம் மேல்மாடத்தின் மேற்குப் பலகணி. அங்கிருந்து பார்த்தால் மழை ஓய்ந்த நாளில் தங்கள் மலை தெரியும். கீழே தெருவில் மாடு ஒன்று தனியே போனால் உடல் முழுதும் நடுங்க எழும். பிறகு எம்மைத் திரும்பிப் பார்த்துவிட்டு மீண்டும் அமரும். எமக்காக அமரும். வெள்ளத்து மேட்டில் கண்ட முகத்தைக் காணாதிருந்தால், இதையே அமைதி என்று எண்ணி மகிழ்ந்திருப்போம். கண்டுவிட்டோமே, என்ன செய்வது?

இவ்விடத்தில் யாம் என்று எழுதக் கை வரவில்லை. எனக்கு அதைப் பிரிய விருப்பம் இல்லை. இந்தக் கோட்டையில் என்னை அரசி என்று பாராமல் ஓடி வந்த உயிர் அது ஒன்றுதான். என் தோளில் அது வைத்த காலின் சேறு என் பட்டாடைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. வெளுக்கப் போட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆயினும் என் ஒருத்தியின் மகிழ்ச்சிக்காக அது பலகணியில் அமர்ந்திருக்க வேண்டும் என்றால், பேரரையரின் தூணுக்கும் என் மடிக்கும் வேறுபாடு சங்கிலியில் மட்டும்தான். ஆகவே அனுப்புகிறேன்.

இது திருப்பி அனுப்பிய பரிசு அன்று என்று தங்கள் அவைக்கு எடுத்துரைக்க வேண்டுகிறோம். தாங்கள் தந்ததில் குறை கண்டு அனுப்பவில்லை. பெற்ற எம் கையில்தான் குறை. நிரை காக்கப் பிறந்ததை வாங்கி வந்து நிழலில் உட்காரச் சொன்னவர் யாம். நட்பு முன்போல் நிற்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக, எம் குலத்தார் எவருக்கும் கொடுக்காத வடகரைத் தாமரைவித்தை நாயோடு அனுப்பியிருக்கிறோம். தங்கள் சுனையில் ஊன்றச் செய்க.

அதன் இயல்பைச் சில சொற்களில் எழுதுகிறோம். நாய் வளர்க்கும் தங்களுக்கு நாய் பற்றி எழுதுவது எமக்கே நகைப்பாக இருக்கிறது, ஆயினும் மனம் கேட்கவில்லை. கூழ் வெதுவெதுப்பாக இருந்தால்தான் குடிக்கும். சூடாக வைத்தால் கலத்தைக் கவிழ்த்துவிடும். சங்கொலிக்கு அஞ்சும், சங்கு ஊதும் நாளில் எவரேனும் அதன் அருகே அமர்ந்திருக்க வேண்டும். மடிந்த காதின் பின்புறம் சொறிந்தால் ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நிரையோடு பழகத் தொடங்கும்போது, மலைக்கல்லில் ஓடிப் பழகாத உள்ளங்கால் கொப்புளிக்கும்; கொஞ்ச நாள் சரளைக்கல்லில் விட வேண்டாம். அசலன் என்று ஒருவரும் அழைக்க வேண்டாம். அப்பெயருக்கு அது ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. சூறை என்றால் போதும். சாத்தி தம் கம்பளியை அதற்கென்றே கொடுத்திருக்கிறார். யாம் கொடுத்த புதியதை வாங்கிக்கொள்ள அவரை இசைவிக்கப் பெரும்பாடு பட்டோம். முதல் சில நாள் அக்கம்பளியில் உறங்கட்டும். அதன்பின் அது நிரையின் நடுவே படுத்துக்கொள்ளும் என்று நம்புகிறோம்.

இவ்வாறு எழுதி, எம் குலத்து ஏழலை முத்திரையை அரக்கில் பதித்தோம். ஆறாவது அலைக்கும் ஏழாவது அலைக்கும் நடுவில் ஒரு நகக்கீறல் இருக்கும். அரக்கு ஆறுமுன் சூறை வந்து மேசைமேல் காலை வைத்துவிட்டது. வேறு முத்திரை பதிக்கலாம் என்றார்கள். யாம் ஒப்பவில்லை. கீறல் கண்டு ஓலையைப் போலி என்று ஐயுற வேண்டாம்.

இனி எம் ஆணை. எம் ஆட்களுக்கு ஆணையாகவும், தங்கள் ஆட்களுக்கு ஒரு தங்கையின் வேண்டுகோளாகவும் இதனைக் கொள்க. எல்லைக்கல்லைத் தாண்டியதும் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிடுக. அதை மீண்டும் எவரும் கட்டற்க. தை பிறந்ததும் சூளுறவுக்கு யாம் மலைக்கு வருவோம். அப்போது அது எம்மைக் கண்டு ஓடி வந்தால் எவரும் தடுக்கற்க. முடி சரிந்தாலும் தடுக்கற்க. நிரையின் பின்னே போய்க்கொண்டிருந்து, திரும்பிப் பாராமலே போகுமாயின், எவரும் அதைக் கூப்பிடற்க. யாம் வந்திருப்பதை அதற்குச் சொல்லவும் வேண்டாம்.